விழுங்கிய கம்பி

ஓஸ்ட்ராவாவில் ஐந்தாம் மாடியில் வீடு வாங்கினேன்.
சாவியோடு கூட வந்தவை
ஓடாத சலவை இயந்திரம்,
ஒற்றைப் பனிச்சறுக்குக் கட்டை,
பால்கனி மூலையில்
பிளாஸ்டிக் தொட்டியில் ஒரு ஜூனிபர்.
விற்றவர் ஹினெக் வாவ்ரா,
நார்வேக்குப் போய்விட்டாராம், எண்ணெய்க் கிணற்று வேலைக்கு.
பத்திரத்தில் மரம் இல்லை.

தூக்கினால் மண் தக்கையாக இருந்தது.
வெள்ளைத் தாளை விரித்துக் கிளையைத் தட்டினேன்,
உதிர்ந்த புள்ளிகள் நடந்தன.
சிலந்திப்பேன்.
உள்ளே எல்லாம் பழுப்பு, நுனியில் பச்சை,
காலரை மட்டும் துவைத்துப் போட்டுக்கொள்ளும்
ஆளைப் போல.

நான் பல் கட்டுகிறவள்.
யாருடைய வாய் என்று தெரியாமலே
அச்சை மட்டும் வைத்து வேலை செய்து பழக்கம்.

அடிமரத்தில் செம்புக் கம்பி.
வளைக்கச் சுற்றியவர் அவிழ்க்க மறந்திருக்கிறார்.
மரம் தடித்து, பட்டை கம்பியின் மேல் ஏறி
மோதிரம் கழலாத விரலாகிவிட்டது.
அவிழ்த்தால் பட்டையும் கூட வரும்.
குறட்டால் துண்டு துண்டாக வெட்டி எடுத்தேன்,
மூன்று ஞாயிறுகள்.
ஜாடி மூடியில் நாற்பத்தொரு துண்டுகள்.
துண்டுக்கு ஒரு தடவை ஹினெக்கைத் திட்டினேன்;
இருபதுக்கு மேல் அலுத்துவிட்டது.
அவர் சுற்றியது நல்ல சுற்று.
இடைவெளி பிசகவில்லை, ஓரிடத்திலும் கம்பி கம்பியைத் தாண்டவில்லை.
பொறுமை இருந்த கைதான்.
பிறகு என்னவோ நடந்திருக்கிறது.

செத்த பட்டையைச் சுரண்ட
பட்டறையிலிருந்து மெழுகுக்கத்தி கொண்டுவந்தேன்.
உயிர் ஓடுவது ஒரு விரல் அகலம்,
வேரிலிருந்து முறுக்கிக்கொண்டு ஏறும் செந்நிற நாடா.
மீதி எலும்பு.
எலும்புக்குச் சுண்ணாம்புக் கந்தகம் பூசினேன்.
கீழ்வீட்டு ரட்மிலா வீட்டுச் செருப்போடு ஏறி வந்து
'அழுகினது முட்டையா, ஆளா?' என்றாள்.
காட்டினேன்.
'இதற்கா' என்று சொல்லிவிட்டு
கீழே போய்
துணிகளை உள்ளே எடுத்து ஜன்னலைச் சாத்தினாள்.

ஏப்ரலில் வேரில் பாதியைக் கழுவிப்
புது மண்ணில் வைத்தேன்.
ஒரே பருவத்தில் இத்தனையும் செய்யக்கூடாது, தெரியும்.
செய்தேன்.

ஜூனிபரில் ஒரு சங்கடம்,
செத்தால் உடனே சொல்லாது.
வேர் போய் இரண்டு மாதமானாலும்
பச்சையாகவே நிற்கும்.
காபியோடு போய்
இது நேற்றைய பச்சையா இன்றைய பச்சையா என்று பார்ப்பேன்.
நகத்தால் கீறத் தோன்றும்.
கையைப் பைக்குள் வைத்துக்கொள்வேன்.
தொடாமல் இருப்பதும் வேலைதான்,
கூலி கேட்க ஆளில்லை.

ஜூன் ஒன்பது, மழை விட்டபின்,
இரண்டு கிளைகளின் கக்கத்தில் வெளிறிய முளை.
செதிலாக வரவேண்டிய இலை
முள்ளாக வந்திருந்தது. குத்தியது.
அடிபட்ட ஜூனிபர்
குழந்தை இலைக்குத் திரும்பும் என்பார்கள்.
எனக்குப் புரிகிற பாஷை இது:
பால்பல்.
முப்பது வயதில் பால்பல் முளைக்கிற வாய்
எங்கள் தொழிலில் இல்லை.

வடு சுருளாக ஏறுகிறது.
பின்பக்கம் திருப்பினால் தெரியாது.
சுழல்பலகையில் வைத்து ஒரு மாலை முழுவதும் சுற்றினேன்.
வடு இல்லாத பக்கம்
கடையில் விற்கிற மரமாக இருந்தது.
திருப்பிவிட்டேன், வடு என்னைப் பார்க்க.

ஒரு துண்டு மட்டும் வரவில்லை.
மூன்றாம் வளைவில் மரம் அதை முழுசாக மூடிவிட்டது,
தடவினால் சின்ன மேடு.
தோண்டினால் அந்த ஒரு விரல் நாடா அறுந்துபோகும்.
இருக்கட்டும்.

தண்ணீர்க் கட்டணம் பழைய பாக்கி விஷயமாக
ஹினெக்கிடம் பேச வேண்டும்.
மரம் பற்றிக் கேட்டால் சொல்வேன்.
கேட்பாரா, தெரியவில்லை.